ஒரு விரல் தொய்வு

தறிக்குழியில் காலை விட்டே பாதி ஆயுளைக் கழித்தவளிடம் தொய்வாக எதையும் காட்டக் கூடாது. கொடிக்கயிறு தொய்ந்திருந்தால் இழுத்துக் கட்டுவேன். கட்டில் நாடா தொய்ந்திருந்தால் முறுக்குவேன். அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் சீரியல் பல்பு தொங்கினால்கூட, யாரையும் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தொய்ந்தால் சேலை கெட்டது. உலகத்தில் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்போடுதான் என் தம்பியின் காரில் கை வைத்தேன்.

தம்பி ஏகாம்பரத்துக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. காரணம் அந்தக் கார்தான். சென்னையில் ஏதோ ஒரு பங்களாவின் பின்பக்கம் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கோழியை மட்டும் இறக்கிவிட்டு வாங்கி வந்தான். இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. அரக்குக் கலரில் பெயின்ட் அடித்தான் (கலர் சொன்னது நான். முகூர்த்தச் சேலைக்கு அதை மிஞ்சிய கலர் உண்டா?). பெண் வீட்டார் வருவார்கள். மாப்பிள்ளை காருக்கு அடியில் படுத்திருப்பான். இரண்டு காலை மட்டும் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படி இருந்தபோதுதான் பக்கத்து ஊரான ஓரிக்கையிலிருந்து கஸ்தூரியின் ஜாதகம் வந்தது. பஸ் கண்டக்டர் வேலை. தம்பி காரோடு நின்ற போட்டோவைப் பார்த்துவிட்டு, “ஆளு இருக்கட்டும், அந்தக் காரை எடுத்துக்கினு வரச் சொல்லுங்க” என்றாளாம். காரோடு வரச் சொன்ன முதல் பெண்! இதுவும் தட்டிப்போனால் இவன் கடைசிவரை அந்த வண்டியோடுதான் குடித்தனம் நடத்துவான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆனால் வண்டிக்கு ஒரு வியாதி. ஆக்சிலேட்டரை மிதித்தால் கடகடவென்று ஆடும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம்தான் நகரும்.

“இன்னாடா இது? கூப்புட்டா நாளைக்கு வந்து இன்னான்னு கேக்குது?”

“லிங்கேஜ் தேஞ்சி பூட்ச்சிக்கா.”

“லிங்கேசனா? யார்ரா அவன்?” (தெருவுக்குத் தெரு லிங்கம் இருக்கும் ஊரில் பிறந்தவள் காதில் வேறு எப்படி விழும்?)

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “மிதியிலேர்ந்து இன்ஜினுக்குப் போற கம்பிங்கக்கா. உன் தறியில மிதிச்சா கயிறு விழுதை இழுத்து நூலைப் பிரிக்குதில்ல, அத்த மாதிரி.”

அப்படிச் சொன்னதுதான் தாமதம், எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அவன் ஒவ்வொன்றாகக் கழற்றினான். நீளக் கம்பி, குட்டைக் கம்பி, குமிழ் மூட்டு, ஸ்பிரிங்கு. கழற்றுவதற்கு முன்னால் செல்போனில் படம் பிடித்து, கழற்றியதை அதே வரிசையில் பழைய வேட்டியில் பரப்பினான். கெரசினில் ஊறப்போட்டு உப்புத்தாளால் தேய்க்கிற வேலை எனக்கு. எத்தனை வருஷத்து அழுக்கோ! அது கரைந்து உள்ளேயிருந்து இரும்பு பளபளவென்று எட்டிப் பார்த்ததும் எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

“போதும்க்கா, தேய்ச்சித் தேய்ச்சி ஊசியாக்கிடாத!”

மூட்டுகளில் தேய்ந்துபோன புஷ் வளையங்களுக்குப் பதிலாக லேத்தில் புதிதாகக் கடைந்து வாங்கி வந்தான். கம்பிகளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடியில் தொங்கவிட்டோம். பால்காரர் பார்த்துவிட்டு, “இன்னா ஆயா, இரும்புல வடாம் போட்டுக்கிற?” என்றார். கிரீஸ் தடவி எல்லாவற்றையும் மறுபடி மாட்டி, தம்பி மிதித்தான். கால் பட்டதும் இன்ஜின் உறுமியது! நான் கை தட்டிக் குதித்தேன் (முட்டி வலி ராத்திரிதான் ஞாபகம் வந்தது).

பெண் பார்க்கப் போகிற நாள். தம்பி மீசைக்குச் சாயம் அடிக்கச் சலூனுக்குப் போயிருந்தான். நான் சும்மா அந்த மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஒரு விரல் அளவு காலியாக இறங்கி, அப்புறம்தான் கம்பி அசைந்தது.

தொய்வு!

பாவம் பிள்ளை, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். எந்த நட்டைத் தளர்த்தி எந்தக் கம்பியை முறுக்கினான் என்பதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் ஆயிற்றே. ஸ்பானரை எடுத்தேன், முறுக்கினேன். கம்பி விண்ணென்று நின்றது. பாவு பூட்டியது மாதிரி அத்தனை அழகு! பெருமையோடு வண்டிக்குக் குங்குமமும் வைத்தேன்.

தம்பி வந்து ஸ்டார்ட் பண்ணியதும் வண்டி ஓவென்று கத்தியது. “சோக் போட்டிருக்குதுக்கா, சூடானா அடங்கிடும்” என்றான். ராகு காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால் கிளம்பிவிட்டோம். என் மடியில் தாம்பாளம், அதில் பூ, பழம், தேங்காய்.

வண்டி அடங்கவில்லை. ஓரிக்கை வரைக்கும் தம்பி ஆக்சிலேட்டரில் காலே வைக்கவில்லை. அது பாட்டுக்குப் பறந்தது.

கஸ்தூரியின் வீட்டுக்கு எதிரே நடுரோட்டில் ஒரு பிள்ளையார் கோயில். வாசலில் அவள் அண்ணனும் அம்மாவும் கைகூப்பி நின்றார்கள். நாங்களும் கைகூப்பியபடியே அவர்களைத் தாண்டிப் போனோம்.

“நிறுத்துடா!”

“பிரேக் போட்டும் நிக்கலக்கா!”

“சாவியத் திருவுடா!”

“திருவினா மறுபடி கெளம்பாதுக்கா! பட்டு வேட்டிய கட்டிக்கினு பொண்ணு ஊட்டு வாசல்ல வண்டியத் தள்ளச் சொல்றியா?”

கிளட்சை மிதித்தான். இன்ஜின் போட்ட ஊளையில் தெருநாய்கள் சந்துக்குள் ஓடிப்போயின. பயந்து காலை எடுத்துவிட்டான். கோயிலைச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே வாசல். கஸ்தூரியின் அம்மா மகனிடம், “பக்தியான குடும்பம்பா, புள்ளையாரைச் சுத்திட்டுதான் உள்ள வருவாங்க போல” என்று சொல்வது காதில் விழுந்தது. மூன்றாவது சுற்று வரைக்கும் பக்தி செல்லுபடியானது. நாலாவது சுற்றில் என் தேங்காய் உருண்டு விழுந்து, கோயில் படியில் பட்டுத் தானாக உடைந்தது. அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஐந்தாவது சுற்றில் அண்ணன் கூப்பிய கையை இறக்கிவிட்டார். போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு என்று நான் தாம்பாளத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பட்டுச் சேலையில் கஸ்தூரி தெருவுக்கே இறங்கி வந்தாள். வாயில் கண்டக்டர் விசில். ஒரே ஊதல்.

பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போய்ப் பழகிய உடம்பு. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். தம்பியின் கை தன்னால் சாவியைத் திருப்பியது. வண்டி இரண்டு தும்மல் போட்டு அவள் காலடியில் நின்றது.

“கடைசி ஸ்டாப்பிங்கு, எறங்குங்க” என்றாள் கஸ்தூரி.

தம்பி இறங்கிப் பானெட்டைத் திறந்தான். அவளும் பக்கத்தில் வந்து குனிந்தாள். கம்பியைத் தொட்டுப் பார்த்தவன் மெல்லத் திரும்பினான்.

“அக்கா, இத்த யாரு முறுக்கினது?”

“தொய்வா இருந்திச்சிடா...”

“அந்தத் தொய்வு இருந்தாதான்க்கா காலை எடுத்தா இன்ஜின் அடங்கும்!”

கஸ்தூரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எங்க பஸ்ஸுலயும் மிதி அப்பிடித்தாங்க, கொஞ்சம் ஆடும்” என்றாள். அப்புறம் பானெட்டுக்குள் இரண்டு தலையும் மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தன. கேசரி ஆறிப்போனது. பெண் பார்த்தது முழுக்க அங்கேதான். தம்பி கம்பியைப் பழையபடி தளர்த்திய பிறகு, கடைசியில் வண்டியைத் தள்ளியது நானும் அவள் அண்ணனும். ஸ்டியரிங்கில் தம்பி. பக்கத்துச் சீட்டில் கஸ்தூரி. இரண்டு விசில் கொடுத்தாள், வண்டி கிளம்பியது. நான் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

கல்யாணமாகி அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விசிலும் கூடவே வந்தது. ரசத்தில் புளி போதாது என்று நான் வாயைத் திறந்தால் ஒரு விசில். திரைச்சீலையை இழுத்துக் கட்டப் போனால் ஒரு விசில். உறவுக்காரர்கள் கூடினால், “அக்கா கையில ஸ்பானர் குடுக்காதீங்கப்பா” என்றுதான் பேச்சே தொடங்கும். நானும் விடுவதில்லை. “அன்னிக்கு நான் அந்தக் கம்பிய முறுக்காம இருந்திருந்தா வண்டி ஒழுங்கா வாசல்ல நின்னிருக்கும், இவன் ஊமை மாதிரி கேசரியத் தின்னுட்டு ஊட்டுக்கு வந்திருப்பான். உங்க ரெண்டு பேரையும் சேத்து வெச்சதே என்...” என்று ஆரம்பிப்பேன்.

இதுவரை ஒருமுறைகூட முடித்ததில்லை. சமையலறையிலிருந்து ஒரே ஒரு விசில் வந்துவிடும்.