தவமணிதேவி கேட்ட கேள்வி

"தங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது?"

கடிதத்தில் இருந்தது இந்த ஒரே கேள்விதான். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. சாதகம் அனுப்பச் சொல்லவில்லை. ஊரில் வீடு வளவு உண்டா என்றும் விசாரிக்கவில்லை. மலாயாவில் பாலோ என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரசராக இருந்த ஜெயபாலன், மருந்து கலக்கும் மேசையில் அந்தக் கடிதத்தை விரித்து, நாடி பார்ப்பவர் போல அதன்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் மூன்று தங்கைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. முன்மண்டையில் முடி விடைபெற்றுப் போயிருந்தது. மலாயாவில் சொந்தம் என்று சொல்ல ஆளில்லை. அந்த நிலையில்தான் சிங்கப்பூர்த் தமிழ்ப் பத்திரிகையில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கூலாயில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் வைத்தியலிங்கம், தம் ஒரே மகள் தவமணிதேவிக்கு 'வாசிப்பில் பிரியமுள்ள' மாப்பிள்ளை தேடினார். தமக்கு அளவற்ற பிரியம் என்று ஜெயபாலன் எழுதிப் போட்டுவிட்டார். மகள் கேட்பதாக வைத்தியலிங்கம் எழுதிய பதில்தான் அந்த ஒற்றைக் கேள்வி. அவர் கடைசியாக முழுசாகப் படித்த புத்தகம் குடற்புழுக்களைப் பற்றியது.

அந்தக் காலத்தில் மலாயாவில் தமிழ் ஆண்கள் ஏராளம், பெண்கள் கொஞ்சம். வந்த வாய்ப்பைக் கைநழுவ விடக்கூடாது. தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் சதாசிவத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

தஞ்சாவூர்க்காரரான சதாசிவம் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "பிடிச்ச புத்தகம்னு ஒண்ணு வெச்சுக்கறதே அபத்தம் சார். இதுதான் எனக்குப் பிடிச்சதுன்னு ஒருத்தன் சொன்னா, மத்ததை அவன் படிக்கலைன்னு அர்த்தம். அப்படியே எழுதுங்க."

"அப்ப ஒரு புத்தகத்தின்ர பேரும் சொல்லத் தேவையில்லையோ?"

"தேவையே இல்லை! இந்தக் கொள்கையில உள்ள சௌகரியமே அதுதானே!"

சதாசிவம் சொல்லச் சொல்ல ஜெயபாலன் எழுதினார்: 'பெற்ற பிள்ளைகளுள் ஒன்றை மட்டும் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வேன்? எனக்கு எல்லாமே சமம்.'

நான்காம் நாள் பதில் வந்தது: 'தங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுடைய தாயார் எங்கே இருக்கிறார்?'

ஜெயபாலன் கடிதத்தோடு பள்ளிக்கூடத்துக்கே ஓடினார். "வாத்தியார்! உம்மட உவமையால எனக்குப் பெண்சாதி பிள்ளையெல்லாம் வந்திட்டுது!"

"பதறாதீங்க சார். பிள்ளை இல்லைன்னு எழுதிட்டு, பத்துப் புத்தகத்தோட பேரையும் எழுதிடுவோம். வாய் அடைஞ்சுடும்."

சிங்கப்பூர்ப் புத்தகக் கடையின் விலைப்பட்டியல் ஒன்று சதாசிவத்திடம் இருந்தது. அதிலிருந்து சோகமாக ஒலித்த பெயர்கள் ஐந்தும் மர்மமாக ஒலித்தவை ஐந்துமாகப் பொறுக்கி எழுதினார்கள்.

பதில் மூன்றே நாளில் வந்தது. 'பத்தில் ஏழு என் மகளுக்கும் பிடித்தவை. காமதேனுவின் கண்ணீர் என்ற நூலில் தங்களை உருக்கிய இடம் எது என்று கேட்கிறாள்.'

"கண்ணீர்னு தலைப்புலேயே இருக்கே. கதாநாயகி அழற இடம்னு எழுதுங்க" என்றார் சதாசிவம்.

'காமதேனு தன் கணவனைப் பிரிந்து கதறும் கடைசி அத்தியாயம். இரண்டு கைக்குட்டைகள் நனைந்தன' என்று ஜெயபாலன் எழுதினார். கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான், எதற்கும் அந்தப் புத்தகத்தைத் தருவித்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

ஒரு சனிக்கிழமை புத்தகம் வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் 'காமதேனுவின் கண்ணீர்'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'கறவை மாடுகளுக்கு வரும் நோய்களும் கைகண்ட மருந்துகளும்.'

"கடைசி அத்தியாயம் எதைப் பத்தி சார்?" என்று சதாசிவம் மெல்லக் கேட்டார்.

"மடி வீக்கம்."

பள்ளிக்கூட மணி அடிக்கவேண்டும் என்று சொல்லி வாத்தியார் எழுந்து போய்விட்டார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது.

எல்லாம் முடிந்தது என்று ஜெயபாலன் நினைத்திருந்தபோது கூலாயிலிருந்து கடிதம் வந்தது. 'மகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு நேரில் வரவும். மற்ற ஒன்பது புத்தகங்களைப் பற்றியும் பேசலாம்.'

ஒன்பதையும் தருவித்தார். வேறு வழியில்லை. முதலிரண்டும் விளக்கெண்ணெய் குடிப்பது போல உள்ளே இறங்கின. மூன்றாவது புத்தகம் ஒரு ஜமீன் மாளிகைக் கொலை. அதில் அவர் வசமாகச் சிக்கிக்கொண்டார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அங்கம்மா வீங்கிய விரலோடு வந்து நின்றாள். "டிரசர் ஐயா, விரலு தெறிக்குது."

ஜெயபாலன் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறு அங்கம்மா. பெட்டையைக் கிணத்துக்கை தள்ளினது ஆரெண்டு இப்ப தெரிஞ்சிடும்."

அங்கம்மா விரலை மறந்து ஓடினாள். கால்மணி நேரத்தில் கங்காணி கயிற்றோடும் நாலு ஆட்களோடும் கிணற்றடியில் நின்றார். தொழிலாளர் லயத்துப் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விஷயத்தை விசாரித்து, ஆஸ்பத்திரியில் இனிக் கதைப் புத்தகத்தைக் கண்டால் வேலை போய்விடும் என்று எச்சரித்தார். ஜெயபாலன் தலையைத் தலையை ஆட்டினார். மனம் மட்டும், கதையில் அந்தப் பெண்ணைத் தள்ளியது சமையற்காரன்தானா என்றே யோசித்துக்கொண்டிருந்தது.

முதல் ஞாயிறன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கூலாயில் இறங்கினார். வைத்தியலிங்கம் மெலிந்த, உயரமான மனிதர். வீட்டில் சுவர் தெரியவில்லை, எல்லாம் புத்தகம்.

"வாரும் தம்பி, இரும். மகள் யோங் பெங்கில பெரியம்மா வீட்டை போயிருக்கிறா. என்னட்டச் சொல்லும், நான் அவவுக்குச் சொல்லுறன். அந்த ஜமீன் மாளிகைக் கொலை, கதை எழுதினவர் கடைசிவரை சொல்லேல்லை, செய்தது ஆர்?"

"சமையற்காரன்."

"விசர்க் கதை! சமையற்காரனை மாட்டிவிட்டதே கணக்கப்பிள்ளைதானே?"

"அப்ப சாவி எப்பிடிச் சமையற்காரன்ர மடிக்கை வந்தது?"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வீட்டு வேலை பார்க்கும் கருப்பாயி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று. மத்தியானச் சாப்பாட்டிலும் சண்டை ஓயவில்லை. மாலை ரயிலுக்கு நேரமானபோது ஜெயபாலனுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனிதரை ஏமாற்றுவதா?

"ஐயா, ஒரு உண்மை சொல்லவேணும். கடிதம் எழுதேக்கை நான் இதில ஒண்டையும் வாசிக்கேல்ல. எல்லாம் எங்கட தோட்டத்து வாத்தியார் சொல்லித்தந்த பொய்."

வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப வாசிச்சிட்டீர்தானே?"

"ஓம்."

"பிறகென்ன? பொய் சொல்லிக்கொண்டு வாறது பெரிய குற்றமில்லை, தம்பி. வந்தாப் பிறகு இருக்கிறதுதான் பெரிசு." சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். "மகளுக்குப் பிடிச்சது. வாசிச்சுக்கொண்டு அடுத்த மாசம் வாரும். அப்ப அவவும் நிப்பா."

அடுத்த மாதம் தவமணிதேவிக்குக் கூகைக்கட்டு, கன்னம் வீங்கிவிட்டதாம். அதற்கடுத்த மாதம் பெரியம்மாவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு. நான்காம் மாதம் பல்வலி. ஆரம்பத்தில் ஜெயபாலனுக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு பிறகு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஐயா, அந்த இரண்டாம் பாகம் கிடைச்சிதோ?" என்று கேட்கலானார். தவமணியின் சுகத்தை விசாரிப்பது விடைபெறும் நேரத்துக்குத் தள்ளிப்போயிற்று.

அந்த முதல் கேள்விக்கு மட்டும் முடிவான பதில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் ஜெயபாலன் ஒரு புத்தகத்தின் பேரைச் சொல்லுவார்.

"போன மாசம் வேற சொன்னீரே?"

"அது போன மாசம், ஐயா."

"உம்மட வாத்தியார் சொன்னது சரிதான் போல. பிடிச்சது எண்டு ஒண்டு இல்லை."

"இல்லை ஐயா, வாத்தியார் சொன்னது பிழை. பிடிச்சது எண்டு ஒண்டு கட்டாயம் இருக்கு. ஆனா அது ஒரு இடத்தில நிக்குதில்லை."

"இப்பிடியான ஆளை நம்பி எப்பிடியப்பா பிள்ளையைக் குடுக்கிறது?" என்று கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார். ஜெயபாலனும் சிரித்தார்.

எட்டாவது மாதம். மழை வரும்போல் இருந்தது. புத்தகக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கருப்பாயி ரயிலடி வரை கூட வந்தாள். பாதி வழியில் ஜெயபாலன் திடுக்கிட்டு நின்றார். அன்று முழுவதும் தவமணிதேவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை! பெண் பார்க்க வருகிறவன் செய்கிற காரியமா இது? ஒரு பெண்ணை எட்டு மாதமாகக் காக்க வைத்துவிட்டுத் தான் கதை படித்துக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த தடவை நாள் குறித்துவிடவேண்டியதுதான்.

"கருப்பாயி, தவமணி என்னில கோவமாய் இருக்கிறாவோ?"

கருப்பாயி தலைச்சுமையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எந்தத் தவமணிங்க?"

"உங்கட ஐயாவின்ர மகள்தான்."

"அட, புஸ்தகம் பேச ஆள் வேணும்னு ஐயா ரெண்டு தடவ பேப்பர்ல போட்டாருங்க, ஒரு ஈ காக்கா வரல, அதுக்கப்புறந்தான் பொண்ணு இருக்குன்னு போட்டாரு. அவருக்குக் கல்யாணமே ஆவலைங்களே!"