விழுமுன் போட்ட கட்டு

"அப்பா, உள்ளே கால் நீந்துது."

மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். மகளுக்கு வாங்கிய புத்தம் புது ஸ்கேட்ஸ். அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு கடைசிவரை தளர்ந்திருந்தது.

"அளவே பார்க்காம தலையில கட்டிட்டான் கடைக்காரன்!" என்று, தானும் ஒரு கடைக்காரர் என்பதை மறந்து திட்டினார்.

"மெதுவா பேசுங்கப்பா. அம்மாவுக்குக் கேட்டுடும்."

மனைவி படுக்கையறையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிவிட்டதாம். கட்டுப் போட்டவர் இவர்தான். கட்டு முடிவதற்குள் உத்தரவு வந்தது: "நான் எழுந்து நடக்கற வரைக்கும் அந்த ஸ்கேட்ஸ் பெட்டியை யாரும் தொடக்கூடாது."

ஆனால் நாளைக் காலை ஸ்கேட்டிங் முதல் வகுப்பு. "மத்தவங்களுக்கெல்லாம் நிக்கவாவது தெரியும்ப்பா. எனக்கு அதுவும் தெரியாது. சிரிப்பாங்க," என்று மகள் கண் கலங்கினாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான். மனைவி கண்ணயர்ந்ததும், ஸ்கேட்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு நழுவினார்கள்.

திருகை இறுக்கினார். "விரல் நசுங்குது!" தளர்த்தினார். மறுபடியும் கால் நீந்தியது. தன் காலுறையைக் கழற்றி உள்ளே திணித்தார்.

"நாறுதுப்பா."

"விழுறதுக்கு நாத்தம் தேவலை."

ஊருக்கெல்லாம் வலி மாத்திரை கொடுப்பவருக்கு, மகளின் வலியை மட்டும் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து பஞ்சையும் கட்டுத்துணியையும் எடுத்து, அவளுடைய இரண்டு முழங்காலிலும் சுற்றினார்.

"நான் இன்னும் விழவே இல்லையேப்பா!"

"வருமுன் காக்கணும்."

மகள் எழுந்தாள். அவர் இரண்டு கையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கப்பா."

"விட்டா விழுந்துடுவே."

"விட்டாத்தானே விழுவேனா மாட்டேனான்னு தெரியும்?"

அவர் பிடியை இன்னும் இறுக்கினார்.

அதற்குள் முழங்கால் கட்டு அவிழ்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அதை எடுக்க ஒரு கையை விட்டுக் குனிந்தார். மகள் கார் இறங்கும் சரிவில் உருள ஆரம்பித்தாள். துணியின் மறுமுனையை விடாமல் அவரும் பின்னாலேயே ஓடினார். துணி அறுந்தது. வெறுங்கால் வழுக்கி, காவலாளியின் நாற்காலியை இடித்துத் தள்ளிக்கொண்டு மல்லாந்து விழுந்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது, சரிவின் அடியில் மகள் எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, நிக்கறேன்! நிக்கறேம்ப்பா!"

அவர் படுத்தபடியே கைதட்டினார். எழப் பார்த்தார். கணுக்கால் ஒத்துழைக்கவில்லை.

"உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. தாங்க மாட்டா," என்றார்.

காவலாளி நாற்காலியை நிமிர்த்திவிட்டு, அவருக்குக் கை கொடுத்தார்.

"இதே இடத்துலதான் சார் செவ்வாய்க்கிழமை அம்மாவும் விழுந்தாங்க. ஆனா விழுறதுக்கு முன்னாடி, இதே சக்கரத்தை மாட்டிக்கிட்டு, சின்னப் புள்ளையாட்டம் சிரிச்சுக்கிட்டே மூணு ரவுண்டு வந்துட்டாங்க!"