இருநூற்று அறுபத்திரண்டு

வரதன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"இது மடவ மீனா, நனைஞ்ச அட்டையா?"

"உன் சீட்டப் பாருய்யா. கொழுப்பு எரநூத்தி அறுவத்திரண்டு. கடலெண்ண உனக்கு வெஷமாம்," என்றாள் ஜெயம்மா.

இரண்டு வாரமாக வரதனுக்கு நெஞ்சு வலி. அப்போதுதான் ஓர் எண்ணெய்க் கம்பெனி பழவேற்காட்டில் இலவச இதய முகாம் போட்டது. அன்றைக்கு ஏரியில் வரதனின் பாடு, வலைபோட அவன் முறை. பாட்டைத் தம்பி வினோத்திடம் விட்டுவிட்டு முகாமுக்குப் போகச் சொல்லி, ஜெயம்மா மீன்கூடையோடு பொன்னேரிக்குப் போனாள். திரும்பியபோது வீட்டில் முகாம் சீட்டு இருந்தது. இதயப் படம் போட்ட எண்ணெய்ப் பாக்கெட்டும் இருந்தது. வீட்டிலிருந்த செக்குக் கடலையெண்ணெயை அன்றே மண்ணில் கொட்டினாள்.

பக்கத்து வீட்டு சரோஜா சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"முகாமுல எனக்கும் எங்க வூட்டுக்காரருக்கும்கூட எரநூத்தி அறுவத்திரண்டுதான். ஒரே மீனத்தானே திங்கிறோம்."

வீட்டு மீன் இறங்காமல் வரதன் பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்றான். ஜெயம்மா பஜ்ஜிக்கடைக்கே போய்ச் சண்டை பிடித்தாள். வலி கூடியது. பாக்கெட்டில் இருந்த நம்பருக்குப் பேசினாள்.

"பழைய கொழுப்பு கரையுதும்மா, அந்த வலிதான்," என்றது ஒரு பெண்குரல். "காலையில மூணு ஸ்பூன் பச்சையா குடிக்கச் சொல்லுங்க."

"டாக்டர்கிட்ட இட்டுப் போவட்டா?"

"எதுக்கும்மா? அதான் டெஸ்ட் எடுத்தாச்சே."

வரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணெயைக் குடித்தான். அந்த வாரம் அவன் படகில் இருந்ததைவிடக் கருவேலம் புதருக்குப் பின்னால் இருந்ததே அதிகம்.

அடுத்த பாடு வந்தது. பாதி வலையை இழுத்தவன் அப்படியே படகில் சரிந்தான். வினோத் கழியூன்றிக் கரை சேர்த்தான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் வரதனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"இது ஒரு மாசமா இருந்த அடைப்பு. அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

ஜெயம்மா மடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினாள். "பார்த்தோம் சார். ரத்தம் எடுத்துத்தான் சொன்னாங்க."

டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எண்ணெய் விளம்பரம். அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வினோத் சுவரோரம் நின்றிருந்தான்.

"அண்ணி, அண்ணன் முகாமுக்குப் போவல. பாட்ட விட மனசு வரல. நான்தான் போயி அவரு பேரச் சொன்னேன்."

ஜெயம்மா அவனையே பார்த்தாள்.

"அப்போ அது உன் ரத்தமாடா?"

"எனக்கும் ஊசி போடல அண்ணி. பேரக் கேட்டாங்க, சீட்டக் குடுத்தாங்க."