பாக்கி பத்தொன்பது பீஸ்

நல்லூர், திருப்பூர்.

மரியாதைக்குரிய 'மைத்தாள்' இணையக் குழுவின் நிர்வாகி ஆஷா அம்மையார் அவர்களுக்கு,

நல்லூர் கிட்டுசாமி பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி மயிலாளும் இவ்விடம் சுகம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், ஓவிய அச்சுப் படங்களைச் சேர்த்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் நம் குழுவின் நானூற்றுச் சொச்சம் அன்பர்களும் அவ்விடம் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன செவ்வாய்க்கிழமை முதல் என்னைக் குழுவில் எழுத விடாமல் நிறுத்தி வைத்திருப்பதால், பார்சல் அனுப்பத் தாங்கள் கொடுத்திருந்த விலாசத்துக்கே இந்த விளக்கத்தைத் தபாலில் அனுப்புகிறேன். தங்கள் முடிவில் தவறில்லை. தவறு என் கையில் இருந்த ரப்பருடையது.

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் செக்கிங் பார்த்தவன். ஒரு பொட்டு அழுக்கு, ஒரு பென்சில் கோடு, ஒரு சுருக்கம் இருந்தாலும் அந்தப் பீஸ் என்னைத் தாண்டிப் பெட்டிக்குள் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் இந்தக் கண்ணு சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. மயிலாள் சுட்ட தோசையில் ஓரம் கோணியிருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். மறுநாளே கோயமுத்தூரிலிருந்து மகள் அன்புசெல்வி வந்து நின்றாள். "அம்மா போன்ல அழுவுறாங்க. உங்களுக்கு வேற ஏதாச்சும் வேல குடுத்தே ஆவோணுங்கப்பா" என்றபடி சமையலறை அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்னுட்டா. தட்டுல நான் விரிச்சு வெச்சிருந்தது எங்க கம்பெனி பிரிண்டிங் செக்‌ஷன் தாளுங்க. பனியன்ல அடிக்கறதுக்கு முன்னால, சாயம் சரியா விழுதான்னு ஒரே தாள்ல மேல மேல அடிச்சுப் பார்ப்பாங்க. யானைத் தலைமேல ஏழாம் நம்பர், அதுக்கு மேல தலைகீழா ஒரு தென்னமரம். குப்பைக்குப் போறது. "இது ஆர்ட்டுங்கப்பா"ன்னுட்டு, போட்டோ எடுத்து, என்னையும் உங்க குழுவுல சேத்து, போட்டுட்டா. பொழுது சாயறதுக்குள்ள எம்பது பேர் பாராட்டிட்டாங்க. "வரைந்த கலைஞர் யார்?"னு கேட்டவங்களுக்கு, "ரெண்டு ஷிப்ட்டுப் பசங்க"ன்னு உள்ளதச் சொன்னேன்.

அப்பத்தானுங்க மதுரையிலிருந்து ராஜபாண்டி எழுதினார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். யானைத் தாளைக் கொடுத்தால், தானே பலகையில் செதுக்கி அடித்த படம் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அனுப்பினேன். அவருடையதும் வந்து சேர்ந்தது. கொட்டுகிற மழையில், டிபன் பையோட கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிற ஒரு பொம்பளை. வெறும் கறுப்பு மைதான், ஆனா பாக்கறப்பவே நம்ம முதுகு நனையுதுங்க. அதோட விட்டிருந்தா இந்தக் கடுதாசிக்கே வேலை இல்லை. கீழே ஒரு மூலையில் பென்சிலில் 3/20ன்னு இருந்துச்சு. இன்னொரு மூலையில் ஒரு கிறுக்கல். பென்சில் மார்க்கோட எந்தப் பீஸும் வெளிய போகக்கூடாதுங்கறது எங்க சட்டம். ரெண்டையும் சுத்தமா அழிச்சேன். சுருட்டி வந்ததுல தாள் வளைஞ்சு கெடந்துச்சு, மேல ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு நல்ல சூட்டுல அயர்ன் பண்ணினேன். சூட்டுல மை எளகி, பாதி மழை துண்டுக்கு வந்துடுச்சு. 3/20ங்கறத மூணாவது பெட்டி, இருபது பீஸுன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு, தாங்கள் படித்துவிட்டு என்னை நிறுத்தி வைத்த அந்தச் செய்தியைக் குழுவில் போட்டேன்: "பீஸ் வந்தது. பென்சில் மார்க் அழிக்கப்பட்டது. அயர்ன் செய்யப்பட்டது. இருபதில் ஒன்றுதான் கிடைத்தது. பாக்கி பத்தொன்பது பீஸ் எப்போது வரும்?"

பாராட்டுக்குக் காத்திருந்தேனுங்க. ராஜபாண்டிகிட்டிருந்து போன்தான் வந்துச்சு.

"ஐயா, ரப்பர் வச்சா அழிச்சீங்க?"

"ஆமாங்க தம்பி. சொட்டுக் கறை இல்லீங்க."

ராஜபாண்டி மெதுவாகச் சொன்னார். "இருபது படந்தேன் அடிச்சேன். அது மூணாவது. அடிச்சு முடிச்சதும் பலகையில குறுக்குக் கோடு போட்டுக் கெடுத்தாச்சு, இனிமே வராது. அந்த மூலையில நீங்க அழிச்சது என் கையெழுத்துய்யா." அதோட நிறுத்தலை. "படத்துல நிக்கிறது எங்கம்மா சின்னத்தாய். ஒன்பது வருசம் அருள்புரத்துல பனியன் கம்பெனி வேல. நீங்க அனுப்புன யானைத் தாள் மாதிரித் தாள்லதேன் எம் புத்தகத்துக்கெல்லாம் அட்ட போட்டுக் குடுப்பாங்க. அதப் பாத்துத்தேன் வரையவே ஆசப்பட்டேன்."

திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க. ரெண்டு நாளா கோணத் தோசையை ஒண்ணும் சொல்லாமத் தின்னதுல மயிலாளே பயந்துட்டா. "ஏனுங்க, இங்க உக்காந்து மோட்டுவளையப் பாத்தா ஆச்சா? நேர்ல போயி ஒரு வார்த்த சொல்லீட்டு வாங்க" என்றாள். படத்தை ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு, மடியில நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டே மதுரைக்குப் பஸ்ல போனேன். துண்டையும் எடுத்துட்டுப் போனேன், திருடுன சாமானத் திருப்பிக் குடுக்கறாப்பல. கதவைத் திறந்ததே அந்தம்மா. படத்துல இருக்கற அதே நிப்பு. "அம்மணி, உங்க மழையில பாதியை நான் எடுத்துட்டனுங்க"ன்னு துண்டை நீட்டினேன்.

அவங்க விரிச்சுப் பார்த்தாங்க. மங்கலா, இடவலம் மாறி அவங்களேதான் அதுல நின்னாங்க. "இதுலதேன் நான் ஒல்லியா இருக்கேன். இது எனக்கு" என்று மடித்து வைத்துக்கொண்டார்கள். பிறகு, "நீங்க கம்பெனியில என்ன வேல?" என்றார்கள். செக்கிங் என்றேன். "செக்கிங்கா! உங்க ஆளுக திருப்பிவிட்ட பீஸத் தச்சுத் தச்சு எத்தன நாளு வேன விட்டுட்டு நடந்து போயிருக்கேன் தெரியுமா?" எல்லாக் கம்பெனிச் செக்கிங்குக்கும் சேத்து அங்கயே மன்னிப்புக் கேட்டேனுங்க. அதுல சிரிச்ச ராஜபாண்டிதான் பென்சிலை எடுத்து, ரப்பர் பட்டுச் சொரசொரத்துப் போன அதே எடத்துல மறுபடி நம்பரும் கையெழுத்தும் போட்டுக் குடுத்தார். மத்தியானம் அவங்க ஊட்லதான் சாப்பாடு. ஒரு குத்தம் சொல்லலீங்க.

ஆகையால், என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி குழுவில் வரும் எந்தப் படத்திலும் உள்ளதை உள்ளபடி வைத்துக் கண்ணால் மட்டும் பார்ப்பேன் என்று மயிலாள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். தங்கள் குடும்பத்தில் எல்லோரும் நோய்நொடியின்றி நீடூழி வாழட்டும். தங்கள் படங்கள் மழை, வெயில், என் போன்றவர்கள் எதிலும் சிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிட்டுசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தங்கள் பார்சல் வந்துவிட்டதுங்க. தாங்களே அடித்த மாம்பூப் படம், ரொம்ப அழகு. ஆனா தாள் நாலு பக்கமும் ஒரே பிசிறா இருந்துச்சு. வழியில யாரோ கிழிச்சுட்டாங்கன்னு பாவப்பட்டு, ஸ்கேல் வெச்சு நேரா வெட்டி எடுத்துட்டேன். அதுக்கப்புறந்தான் உள்ள இருந்த கடுதாசியப் படிச்சேன். ராஜபாண்டி எல்லாம் சொல்லிவிட்டதாகவும், ஏற்கெனவே என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டதாகவும், இது கையால் செய்த காகிதம், 'ஓரங்களை விசேஷமாகக் கவனியுங்கள்' என்றும் எழுதியிருக்கீங்க. கவனிச்சேனுங்க. நாலு ஓரமும் இந்தக் கவரிலேயே வருது, பத்திரமாப் பிரிங்க.