அரை நிமிஷ நிறுத்தம்

"இருபத்திரண்டு வருஷமா எந்த பஸ் எங்க நிக்கணும்னு எழுதிக் குடுக்கறீங்க. ஒரு நிறுத்தத்துலயாவது என்னை இறக்கி, இதாம்மா அதுன்னு எதையாவது காட்டியிருக்கீங்களா?"

சனிக்கிழமை காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. வார்த்தை மாறவில்லை, மனைவியின் கையிலிருந்த கரண்டிதான் மாறியிருந்தது.

அவர் பேருந்து நிலையத்தில் நேர அட்டவணை தயாரிப்பவர். தெருவில் பெயரே அட்டவணைக்காரர். ஒன்பதாம் நம்பர் பஸ் அருங்காட்சியகத்துக்கு எத்தனை மணிக்கு வரும், பழைய நீரேற்று நிலையத்துக்கு எப்போது, நூலகத்துக்கு எப்போது என்று தூக்கத்திலும் சொல்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார். பஸ் நிற்கும் அரை நிமிஷத்துக்கு மேல் எந்தக் கட்டடத்துக்கும் அவர் மரியாதை கொடுத்ததில்லை.

"நாளைக்கே காட்டறேன். அப்புறம் என் ஞாயித்துக்கிழமை சீட்டாட்டத்துல நீ தலையிடக் கூடாது."

"நான் பாக்காத ஒரே ஒரு இடத்தைக் காட்டுங்க. ஆயுசுக்கும் ஞாயித்துக்கிழமை உங்களுது."

"காட்டலைன்னா?"

"என்னுது."

காய்கறிக் கடை, தையல் கடை, வீடு. இதைத் தாண்டி அவள் நகர்ந்ததாக அவருக்கு நினைவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு காலண்டர் தாளைக் கிழித்து, ஒப்பந்தம் எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

மறுநாள் அருங்காட்சியக வாசலில் காவலாளி எழுந்து நின்றார்.

"வாங்கக்கா. ரெண்டு வாரமா ஆளையே காணோம். சார் யாரு?"

"வீட்டுக்காரர்."

"ஓ, இருக்காரா?"

அட்டவணைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ எப்போ இங்க வந்தே?"

"நீங்க ஒம்பது மணிக்கு ஆபீஸ் கிளம்புவீங்க. நாலு மணிக்கெல்லாம் நான் வீட்டுல இருப்பேன். நடுவுல ஊரு சும்மாதானே இருக்கு."

போனது ஒன்று; இன்னும் இரண்டு இருக்கின்றனவே என்று மனதைத் தேற்றிக்கொண்டு நீரேற்று நிலையத்தில் இறங்கினார். அங்கே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு இரும்புச் சக்கரம். மெக்கானிக் அவளைப் பார்த்ததும் வணக்கம் சொல்லி, கைப்பிடியை அவளிடமே விட்டார். அவள் திருப்பினாள். அத்தனை பெரிய சக்கரம் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் சுழன்றது. தரை அதிரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கே தண்ணீர் கொடுத்த சக்கரம், தன் பஸ் நிறுத்தத்துக்குப் பத்தடி பின்னால் இருந்திருக்கிறது.

"ஐயோ, பஸ் போயிடுச்சே."

"அடுத்தது பதினொண்ணு நாப்பத்திரெண்டு. ஒவ்வொரு தடவையும் அட்டவணை நகலைக் கொண்டாந்து என்னைத்தானே வாசிக்கச் சொல்லிச் சரிபாக்கறீங்க? மனப்பாடம் ஆகாதா?"

கடைசியாக நூலகம். தலைக்கு மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. அதிலிருந்து ஒரு வெளிச்சக் கீற்று தரையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"சரியா பன்னெண்டுக்கு அந்த வட்டக் கல்லைத் தொடும். வாயை மூடிக்கிட்டுப் பாருங்க."

தொட்டது. கல்லில் செதுக்கியிருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிஷம் தவறாத இந்த அட்டவணையை எவன் எழுதியிருப்பான்? நிமிஷம் தவறாமல் இதன் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவளோடா இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்தினோம்?

காலண்டர் தாளைப் பையிலிருந்து எடுத்து அவரே நீட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த நம்பர் பஸ்?"

"பதினேழு. கிளம்புங்க, பன்னெண்டு எட்டுக்கு பஸ்."

வாசல்வரை வந்தவர், இன்னும் ஒரே ஒரு தரம் என்று திரும்பி உள்ளே ஓடினார். அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்தபோது பஸ் அவர் எழுதிக் கொடுத்த அரை நிமிஷம் நின்று, அவர் எழுதிக் கொடுத்தபடியே கிளம்பியிருந்தது. ஜன்னலோரம் மனைவியின் கொண்டை மட்டும் தெரிந்தது.

"ஏம்ப்பா டிரைவர், கொஞ்சம் நிறுத்துப்பா. வீட்டுச் சாவி அவகிட்ட இருக்கு."