டிலிஸ் அத்தையின் பழரொட்டி மலையேறிப் போன வழி

லான்வரன்,
ஞாயிறு மாலை.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய டிலிஸ் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் ஷோனெட், உங்கள் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். கார் அத்தனை சுகமில்லை, அது பற்றிக் கீழே வருகிறது. உங்கள் புது இடுப்பும் அதைச் சுற்றியிருக்கும் பழைய அத்தையும் கார்டிஃபில் எங்கள் வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹியூ வேளைக்குத் தேநீர் தருகிறாரா? பாலை முதலில் ஊற்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்காக எழுதுவது. படிக்கப் படிக்க வேறு மாதிரித் தோன்றினால், தயவுசெய்து முதல் வரிக்குத் திரும்பி வாருங்கள்.

கிளம்பும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஊர்க் கண்காட்சிப் போட்டில என் பாரா பிரித் பழரொட்டி முதல்ல வந்தா நான் ஊருக்குப் போறேன். வரலைன்னா வீட்டை வித்துடு. இங்கயே கிடந்து சாகறேன்." நீங்கள் கிடந்து சாவதற்கென்று நாங்கள் ஒதுக்கியிருக்கும் அறை தெற்குப் பார்த்தது, நல்ல வெயில் வரும் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். இருந்தாலும் அந்த ரொட்டியை ஒரு கைக்குழந்தையைப் போலத்தான் கொண்டுவந்தேன். உங்கள் டப்பா நூல் கட்டியது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருக்க நான் சுட்ட என் முதல் ரொட்டி, நூல் கட்டாத டப்பாவில். அதை டெக்வென் சித்திக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். "அவங்க எதையும் சாப்பிடுவாங்க" என்றும் சொன்னீர்கள்.

உங்கள் வீட்டுச் சாவி எம்ரிஸ் சித்தப்பாவிடம் இருந்ததால் வெள்ளிக்கிழமை நேராக அவர் பண்ணைக்குப் போனேன். மலையடிவாரத்தில் மழை பிடித்தது, பாலத்தைத் தாண்டியதும் முதல் வேலிக்கதவின் கொக்கி உடைந்து தொங்கியது, திறந்த கதவைத் திறந்தபடி விட்டுப்போனால் எம்ரிஸ் சித்தப்பா என் சாவுக்குக்கூட வரமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும், காரில் கயிறு எதுவும் இல்லை, ஆடுகள் வேறு வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, அதனால் உங்கள் டப்பாவின் நூலை அவிழ்த்துக் கதவைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தேன், அடுத்த வளைவில் இன்னோர் ஆடு நடுச்சாலையில் படுத்திருந்தது, அது எழுந்திருக்கும் எண்ணத்தில் இல்லை, நான் ஒதுங்கினேன், வண்டி என்னைவிட அதிகமாக ஒதுங்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. டப்பாக்கள் இரண்டும் காருக்குள் உருண்டன. உங்களுடையதை மட்டும் தேடியெடுத்து, மழைக்கோட்டுக்குள் வைத்து அணைத்தபடி பண்ணைக்கு ஏறினேன். என்னுடையது பள்ளத்து நீரில் மூழ்கினாலும் நாட்டுக்கு நஷ்டமில்லை என்று விட்டுவிட்டேன்.

அத்தை, இங்கேதான் தவறு நடந்தது. கையில் டப்பாவோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றால், அந்த டப்பா அந்த வீட்டுக்குத்தானே? இத்தனை வருஷம் கார்டிஃபில் இருந்ததில் எனக்கு இது மறந்துபோயிருந்தது. டெக்வென் சித்திக்கு மறக்கவில்லை.

"அடடா, வெறுங்கையோட வந்தா என்ன கண்ணு, இதெல்லாம் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை என் கோட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பூட்ஸைக் கழற்றி நிமிர்வதற்குள் கத்தியின் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது தட்டு நிறையத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் வெண்ணெய்.

"சித்தி, அது டிலிஸ் அத்தை சுட்டது" என்றேன். போட்டிக்கு வைத்திருந்தது என்பதைச் சொல்லவில்லை. வெட்டியதை ஒட்டவா முடியும்?

"அக்கா சுட்டதா?" என்று எம்ரிஸ் சித்தப்பா எழுந்து வந்தார். ஒரு துண்டை மென்றார். வெகுநேரம் மென்றார். தேநீர் குடித்தார். மறுபடி மென்றார். "ஆபரேஷன் முடிஞ்ச உடம்பு பாரு. கை கொஞ்சம் தளர்ந்துதான் போச்சு" என்றார் மெதுவாக.

"சும்மா இருங்க. நல்லாத்தான் இருக்கு. நனைச்சுச் சாப்பிட்டா ஒண்ணும் தெரியல" என்றார் சித்தி.

ஆனாலும் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. உங்கள்மேல் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை. நான் மட்டும் சாப்பிடவில்லை. பிறகு சித்தப்பா டிராக்டரைக் கொண்டுவந்து என் காரைப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டார். படுத்திருந்த ஆட்டை எழுப்பி, என்னால் அதற்கு ஏற்பட்ட சிரமத்துக்கு அதனிடம் ஏதோ சமாதானம் சொன்னார். இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்று மாலை உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தேன். காரில் மிச்சமிருந்த டப்பாவைத் திறக்கவும் மனம் வரவில்லை. என் ரொட்டியை உங்கள் பெயரில் போட்டி மேசையில் வைத்தால், அதைவிட வீட்டை விற்பதே கௌரவம். தோற்றால் அத்தை நம்மோடேயே இருந்துவிடுவார் என்று ஒரு எண்ணம் மனதுக்குள் எட்டிப் பார்த்ததையும் மறைக்கவில்லை. அது எவ்வளவு சுகமான எண்ணமோ அவ்வளவுக்கு அதை வெறுத்தேன். உங்கள் அடுப்படியில் உட்கார்ந்து நினைக்கக்கூடிய நினைப்பா அது?

விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மோர்வித் அம்மா ஆட்டுக்கறிச் சாற்றோடு வந்தார். ஆம், அதே மோர்வித் பாரிதான். வருஷா வருஷம் உங்களுக்கு அடுத்து இரண்டாவதாக வந்து, அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரைக்கும் உங்களோடு பேசாமல் இருப்பவர்.

"ஏண்டி, துக்க வீட்டுல உக்காந்திருக்கறாப்பல உக்காந்திருக்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் போட்ட நிபந்தனையையும் சேர்த்துத்தான். மன்னியுங்கள்.

"வித்துடுவாளா?" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வித்தா யாரு வருவா? எவனாவது லண்டன்காரன் வருவான். கதவுக்குச் சாம்பல் நிறம் அடிப்பான். வருஷத்துக்கு ரெண்டு வாரம் இருந்துட்டு, கோயில் மணி சத்தமா இருக்குன்னு மனு எழுதுவான். நான் காலைல எழுந்து திரையை விலக்கி யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கறது?"

வந்த வேகத்தில் எழுந்துபோய், துணியில் சுற்றிய ஒரு ரொட்டியோடு திரும்பினார். போட்டிக்கு எப்போதும் இரண்டு சுடுவாராம். "இந்தா, இதை அவ பேர்ல வை."

"பொய்யில்லையா மோர்வித் அம்மா?"

"பொய்தான். ஆண்டவர்கிட்ட ஞாயித்துக்கிழமை நான் பேசிக்கறேன். நீ வாயை மூடிட்டுச் சாறைக் குடி."

சனிக்கிழமை கண்காட்சிக் கூடாரத்துக்கு வெளியே சேறு, உள்ளே ஊரே நின்றது. வழக்கம்போல நடுவர் வெளியூர்க்காரர், யார் முகமும் தெரியாதவர். ஒவ்வொன்றையும் வெட்டி, முகர்ந்து, மென்று, எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டியபடி யோசித்தார். உங்கள் பெயர் வைத்த ரொட்டிக்கு முதல் பரிசு. மோர்வித் பாரிக்கு இரண்டாவது. அவருடைய அட்டையில் 'மேற்புறம் சற்றே கருகல்' என்றிருந்தது. அப்போதுதான் புரிந்தது அத்தை, இரண்டில் நல்லதை என்னிடம் கொடுத்துவிட்டு, கருகியதைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டேன். "கை தவறி மாறிப்போச்சு" என்று அடுத்த மேசையில் இருந்த வெங்காயங்களைப் பார்க்கப் போய்விட்டார்.

கண்காட்சிச் செயலாளர் கெதின் உங்கள் பெயரை வாசித்ததும் கூடாரமே கை தட்டியது. கசாப்புக் கடைக்காரர் விசில் அடித்தார். "எப்ப வர்றாங்க? எப்ப வர்றாங்க?" என்று கேட்டவர்களை எண்ணி முடியாது. எல்லோருக்கும் உங்கள் சார்பில் நன்றி சொல்லிவிட்டேன்.

ஆக, கோப்பை உங்கள் அடுப்பு மாடத்தில் இருக்கிறது. நிபந்தனைப்படி நீங்கள் ஊருக்குத் திரும்பலாம். ஆனால் ஜெயித்தது உங்கள் ரொட்டியில்லை, அதை உங்களிடம் மறைக்க என்னால் முடியாது. சித்தப்பா சொன்னதும் காதிலேயே நிற்கிறது. கை தளர்வது குற்றமில்லை அத்தை. எங்களோடேயே இருந்துவிடுங்களேன். வீட்டுத் தரகரை நாளைக் காலையில் வீட்டைப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சரி என்று பதில் போட்டதும் வாசலில் விற்பனைப் பலகை நட்டுவிடுவார்.

ஆண்டவர் உங்கள் இடுப்பையும் என் கார் அச்சையும் காப்பாற்றட்டும். எம்ரிஸ் சித்தப்பா, டெக்வென் சித்தி, கெதின், கசாப்புக் கடைக்காரர், இன்று உங்களுக்காக ஒரு பாட்டை அதிகமாகப் பாடிய தேவாலயத்தார் எல்லோருடைய அன்பும் இத்துடன்.

என்றும் நன்றியுள்ள,
ஷோனெட்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். கடிதத்தை மடிக்கும்போது மோர்வித் அம்மா தேநீருக்கு வந்தார். என் ரொட்டி வீணாகப் போவானேன் என்று அந்த டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கொடுத்தேன். கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை யாரு சுட்டது?"

"நான்தான்."

"அடிப் பாவி! ஆரஞ்சுத் தோலைத் தலைமுடியாட்டம் அரியறவ இந்தப் பள்ளத்தாக்குல ஒருத்திதான் இருக்கா."

நூலை அவிழ்த்த பிறகு இரண்டு டப்பாவும் ஒன்றுபோலத்தானே, பள்ளத்தில் உருண்டபோது மாற்றி எடுத்திருக்கிறேன். பண்ணையில் தளர்ந்திருந்தது என் கை. மோர்வித் அம்மா இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு என்று தின்றுகொண்டே போனார். "இது மட்டும் நேத்து மேசைக்கு வந்திருந்தா நான் மறுபடி ரெண்டாவதுதான்" என்றார். பிறகு எழுந்து மாடத்திலிருந்த கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஆனா வரலையே! ஜெயிச்சது என் ரொட்டி, கோப்பை என்னுது. கெதின்கிட்ட நானே சொல்லிக்கறேன். வேணும்னா அடுத்த வருஷம் நேர்ல வந்து பிடுங்கிக்கச் சொல்லு அவளை."

தரகரை வரவேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பதிலாக நாளை தச்சர் வருகிறார், உங்கள் மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்க. கோப்பையை மோர்வித் அம்மா தன் ஜன்னலில், உங்கள் வாசலைப் பார்த்தபடி வைத்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முறை துடைத்துவிட்டார்.