கொட்டிவாக்கத்தில் ஸ்ட்ராபெரி

"ஊட்டியில விளையறது கொட்டிவாக்கத்துல விளையாதா? பாத்துடறேன் ஒரு கை!" என்று கஸ்தூரிரங்கன் சபதம் போட்டபோது அவர் வாயில் பாதி இட்லி இருந்தது.

மயிலாப்பூர் வாடகை வீட்டில் துளசிச் செடிக்கே இடமில்லாமல் தவித்த மனிதர். கடற்கரையோரம் சொந்த வீடும், கொல்லையில் நாலு பாத்தி மண்ணும் வாய்த்ததில் தலைகால் புரியவில்லை.

"ஏன்னா, எதுக்கு இந்த வீம்பு? பீன்ஸ் போடலாம்" என்றாள் மனைவி நீரஜா. "மலை பீன்ஸ் இந்த வெக்கைக்குப் பூவோட உதிர்ந்துடும். நீளப் பயத்தங்காய் போடுவோம். அது பாட்டுக்குக் காய்க்கும்."

"பயத்தங்காய்க்காகவா வீடு கட்டினேன்? எனக்குப் பழம் வேணும், பழம்!"

"ஆத்துல ஏற்கெனவே ஒரு பழம் இருக்கே, போறாதா?"

அடையாறு நர்சரியில் பீர் முஹம்மது இரண்டு ரக ஸ்ட்ராபெரி நாற்று காட்டினார். "சின்னப் பழம் கொஞ்சம் வெயில் தாங்கும் சார். பெரிய பழம் குளிர் கேக்கும்."

"பேர்லயே பெரி இருக்கு, சின்னதை நீட்டறீரே! பெரிசையே குடும்."

நட்டாயிற்று. நீரஜா கடல் பக்கம் பார்த்துக் கவலைப்பட்டாள். "உப்புக் காத்து உங்க செடியைக் கருக்கிடுமேன்னா. நடுவுல ஒரு பந்தல் போட்டு என் பயத்தங்கொடியை ஏத்தி விட்டா, மறைப்பா இருக்கும்."

கஸ்தூரிரங்கன் உருகிப் போனார். சவுக்குக் கட்டை வெட்டினார், பந்தல் கட்டினார், சாணி சுமந்தார். கைப்பம்பை அடித்து வாளி வாளியாக வாய்க்காலில் விட்ட தண்ணீர், கொடிகளைக் கடந்துதான் அவர் செடிகளுக்கு வந்தது.

கொடி பந்தலேறிப் பூத்தது. ஸ்ட்ராபெரியோ சுட்ட அப்பளமாக ஓரம் கருகி நின்றது. அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு நாளிதழை விரித்தார்.

"கொடிக்குத் தண்ணி?" என்று கேட்டாள் நீரஜா. காலையில் கிளம்பினால் மயிலாப்பூரில் வீணை வகுப்புகளை முடித்து இருட்டித்தான் திரும்புவாள்.

"என் செடியே போயிடுத்து. உன் கொடிக்கு நான் என்ன வேலைக்காரனா?"

மறுநாள் விடிந்ததும் கொல்லைக்குப் போனவர் வீல் என்று அலறினார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு இசக்கிமுத்து, பல் துலக்கும் நுரை வாயோடு சுவரேறிக் குதித்தார்.

"என்ன சார், பாம்பா?"

"ப... ப... பழம்!"

கருகிய செடியில் செக்கச்செவேலென்று ஒரு ஸ்ட்ராபெரி!

"ஏ ஆத்தாடி! பூவே பாக்கலியே, எப்ப சார் காய்ச்சுது?"

"உசந்த ஜாதி ஓய்! சொல்லிண்டா காய்க்கும்?"

அன்றிலிருந்து பம்ப் ஓயவில்லை. பழமும் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. பறிக்க மனசு வராமல் செடியிலேயே வைத்து அழகு பார்த்தார். கோபாலபுரத்துத் தங்கை குடும்பத்தையும், ஆபீஸ் நண்பர்களையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவே அழைத்துவிட்டார்.

எல்லோரும் சூழ்ந்து நிற்க, முதல் பழத்தைப் பறிக்கக் குனிந்தார். விரலில் ஏதோ இடறியது.

பச்சை நூல். காம்பைச் சுற்றி, அழகான முடிச்சு.

அடுத்த பழத்தைத் தொட்டார். அதிலும் முடிச்சு. "இன்னும் பழுக்கணும், இன்னும் பழுக்கணும்" என்று உளறியபடி கூட்டத்தை உள்ளே தள்ளினார்.

சமையலறையில் நீரஜா பயத்தங்காய்ப் பருப்புசிலி கிளறிக்கொண்டிருந்தாள்.

"நீ... நீயாடி?"

"பின்னே? பாண்டி பஜார்ல நன்னா பாத்துப் பொறுக்கினேன்."

"எதுக்குடி இந்த அக்கிரமம்?"

"என் கொடி வாடலாமோ?"

"ஊரையே கூப்பிட்டுட்டேனேடி!"

"அப்போ சொல்லிடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்!"

கூடத்திலிருந்து தங்கையின் குரல் வந்தது: "மன்னி, பயத்தங்காய் வாசனையே அமிர்தமா இருக்கு! கொடி யார் போட்டது?"

நீரஜா கரண்டியை வைத்துவிட்டு, மூலையில் இருந்த வாளியை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள்.

"போய்த் தண்ணி விடுங்கோ. நன்னா விட்டேள்னா, நாளைக்கு ரெண்டா காய்க்கும்."